கணனியின் பள்ளியெழுச்சி

நெடுந்துயில் நீங்கி எழுகின்ற மனிதன் முதலிற் செய்வது யாது? கண்களைக் கசக்குகிறான், சோம்பல் முறிக்கிறான், கைகால்கள் தன் வசத்தில் இருக்கின்றனவா என்று தன்னை அறியாமலே பார்த்துக்கொள்கிறான், அதன் பிறகே எழுந்து நடக்கிறான். முதியவர்கள் இதனைச் சற்று நிதானமாகச் செய்வார்கள். இளைஞர்கள் இவை எதையும் செய்யாமலே துள்ளி எழுவார்கள். சில வேளை வாசற்படியில் இடறி விழுவதும் உண்டு.

கணனிகளுக்கும் இத்தகைய விழிப்பு வேளை ஒன்று உண்டு. நம் வீட்டுக் கணனியின் பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒரு சின்னம் திரையில் தோன்றி மறைகிறது. நாமும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சேவையகங்கள் என்று வழங்கும் பெருங்கணனிகளின் கதை வேறு. வங்கியிலும் வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் ஒரே வேளையிற் பலருக்குப் பணி செய்யும்பொருட்டு இரவுபகலாக இயங்குபவை அவை. மாதக்கணக்கில் உறங்காதவை. எனவே, அவை உறங்கி விழிக்கும் அந்த அரிய வேளையில் என்ன நிகழவேண்டும் என்பதை எவரேனும் முன்கூட்டியே எழுதி வைத்திருத்தல் வேண்டும். எழுதி வைத்தவரோ அவ்வேளையிற் பெரும்பாலும் அங்கே இருக்கமாட்டார். சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அச்சிக்கலில் நான் ஒருமுறை அகப்பட்டுக்கொண்ட கதையைத்தான் இன்று எழுதப் புகுந்தேன். இடையிடையே சிறிது சரித்திரமும் வரும். வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

மின்சாரம் பாய்ந்த கணத்தில் ஒரு கணனியின் நிலை பிறந்த குழந்தையின் நிலையினும் பரிதாபமானது. அதன் நினைவகம் வெறுமையாக இருக்கும். செய்யவேண்டிய வேலைகள் யாவும் வன்தட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் வன்தட்டை வாசிப்பதற்கே ஒரு செயல்நிரல் வேண்டும். அச்செயல்நிரலும் வன்தட்டிலேயே இருந்தால்? பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவனின் கதைதான். தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலேயர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்தச் சப்பாத்திலிருந்துதான் கணனியைத் தொடங்குவதற்குப் ‘பூட்’ செய்தல் என்ற பெயர் வந்தது.

ஆதிக் கணனிகளில் இந்தத் திறவுகோலை மனிதனே தன் விரல்களால் ஊட்டவேண்டியிருந்தது. முகப்பிலே வரிசையாக இருக்கும் ஆளிகளை மேலும் கீழுமாகத் தள்ளி, ஒவ்வொரு கட்டளையாக நினைவகத்தில் ஏற்றுவார்கள். அச்சிறு நிரல், துளையிட்ட காகித நாடாவிலிருந்து பெரிய நிரலை வாசிக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கிய பீடீபீ-7 என்ற கணனி அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். பின்னர், மின்சாரம் நின்றாலும் அழியாத சிறு நினைவகத் துண்டுகள் வந்தன. திறவுகோல் அவற்றிற் குடியேறியது. மனித விரலுக்கு ஓய்வு கிடைத்தது. அதனோடு மனிதனின் கண்காணிப்பும் விலகியது.

யுனிக்ஸ் சேவையகங்களால் உலகப் புகழ் பெற்ற சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1982இல் தோன்றியது. நிறுவியவர் நால்வருள் ஒருவர் இந்தியரான வினோத் கோஸ்லா. ‘சண்’ என்பது சூரியனைக் குறித்து வைத்த பெயரென்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வலையமைப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளின் கூட்டு. 2010இல் அந்நிறுவனத்தை ஒராக்கிள் நிறுவனம் வாங்கிக்கொண்டது. எனினும் சண் இயந்திரங்கள் விழித்தெழும் முறை இன்றும் பேசத்தக்கது. மிச் பிராட்லி என்பவர் அதற்கென ‘ஓபன்பூட்’ என்றொரு நிரலை ஆக்கினார். சார்ல்ஸ் மூர் படைத்த ‘போர்த்’ என்னும் சிக்கனமான கணனி மொழியில் அமைந்தது அது. 1994இல் அம்முறை சர்வதேசப் பொறியியலாளர் சங்கமொன்றின் நியமமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இந்த ஓபன்பூட்டோடு நாம் உரையாடலாம். இயந்திரத்தின் இயல்பான விழிப்பை இடையிலே நிறுத்தினால், திரையில் ‘ஓகே’ என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு, அடுத்த கட்டளைக்காக அது கைகட்டி நிற்கும். எல்லாம் சரி என்று அதற்குப் பொருளன்று. ‘சொல்லுங்கள், கேட்கிறேன்’ என்பதே பொருள். முதன்முறை பார்ப்பவர் எவரும் இதிலே ஏமாந்துபோவர். வேலை எதுவும் நடவாமல் இயந்திரம் நின்றுகொண்டிருக்கும், திரையிலோ ‘ஓகே’!

எங்கள் கல்லூரிக்கு ‘அல்ட்ரா 10’ என்னும் சண் இயந்திரம் ஒன்று 2010ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தது. கொழும்பில் ஓர் அலுவலகம் புதிய கணனிகளை வாங்கியபோது கழித்துவிட்ட பழையது. எங்களுக்கு அது பொக்கிஷம். நூல்நிலையத்தை அடுத்த சிற்றறையில் அதனை அமர்த்தினோம். மாணவர் அதற்குத் ‘தாத்தா’ என்று பெயர் சூட்டினர். தவணைப் பரீட்சைப் புள்ளிகள், வரவுப் பதிவு, விடுகைப் பத்திர விபரம் ஆகிய யாவும் தாத்தாவின் வசம். அலுவலகத்துக் கணனிகள் இரண்டும் அவரைக் கேட்டே எதையும் அச்சிடும்.

தாத்தாவின் உள்ளே ஒரு சிறு கறுப்புத் துண்டு இருந்தது. மின்சாரம் நின்றாலும் தன்னுள் அடங்கிய சிறு பற்றரியின் உதவியால் எழுதியதை மறவாது காப்பது அது. விழித்தெழும் விதம் பற்றிய அமைப்புகள் அதிலேதான் பதியப்படும். தானாகவே பணிசெயல் முறைமையைத் தொடங்குவதா, அன்றி ‘ஓகே’ என்று நின்று மனிதனை எதிர்பார்ப்பதா என்பது ஓர் அமைப்பு. அதன் பெயர் ‘ஆட்டோ-பூட்?’. எந்த வன்தட்டிலிருந்து தொடங்குவது என்பது மற்றொன்று, அது ‘பூட்-டிவைஸ்’. விழிக்கும்போது உடற்சோதனை செய்துகொள்வதா என்பது ‘டயாக்-சுவிட்ச்?’. அச்சோதனை எவ்வளவு ஆழமாக இருக்கவேண்டும் என்பது ‘டயாக்-லெவல்’. வினாக்குறியோடு முடியும் பெயர்களுக்கு ஆம், இல்லை என்ற இரண்டிலொன்றே விடையாகலாம். போர்த் மொழியின் மரபு அது. நம் பரீட்சை வினாத்தாள்களும் இவ்வளவு தெளிவாக இருந்தால் நன்றாயிருக்கும்.

உடற்சோதனை என்றேன். அஃது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சிறிது சொல்லவேண்டும். பொங்கலுக்குப் பானை வாங்கப் போகும் நம் வீட்டுப் பெண்கள் பானையை விரலாற் சுண்டிப் பார்ப்பார்கள். ‘கிண்’ என்று ஓசை வந்தால் எடுத்துக்கொள்வார்கள். ஒரு நொடியில் முடியும் சோதனை அது. வீட்டுக்குக் கொண்டுவந்த பின் நீர் நிறைத்து இரவு முழுவதும் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. மயிரிழை போன்ற வெடிப்பும் அதிலே காட்டிக்கொடுத்துவிடும். கணனியின் சோதனையிலும் இவ்விரு வகை உண்டு. சிறு சோதனையில் நினைவகத்தின் இங்கொரு மூலையையும் அங்கொரு மூலையையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். பெருஞ்சோதனையில் நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஒன்றும் பூச்சியமும் மாறிமாறி எழுதப்படும். பின்பு எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று வாசித்துப் பார்க்கப்படும். அதன்பின் பூச்சியம் இருந்த இடத்தில் ஒன்றும், ஒன்று இருந்த இடத்திற் பூச்சியமுமாக மாற்றி எழுதி மறுபடியும் வாசிக்கப்படும். கோடானுகோடி அறைகள்! பெரிய சேவையகங்களில் இது அரை மணிக்கு மேலும் நீடிப்பதுண்டு. அத்தனை நேரமும் அந்தச் சேவையகத்தை நம்பியிருப்போர் காத்திருக்க வேண்டும். ஆதலாற்றான் பலர் ‘வேண்டாம்’ என்ற பக்கத்தில் ஆளியை வைத்துவிடுகின்றனர். அவர்களைக் குறை கூற நான் முன்வரமாட்டேன்.

2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாத்தா இருமுறை காரணமின்றி நின்றுபோனார். நினைவகத்திற் பழுது இருக்கலாமென்று எனக்கு ஐயம் எழுந்தது. முத்துமாரியம்மன் தேர் புறப்படுமுன் அச்சையும் சக்கரத்தையும் தட்டிப் பார்க்கும் ஆசாரியாரைக் கண்டு வளர்ந்தவன் அல்லவா? சோதனை இல்லாமல் இயந்திரத்தை ஓட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஒருநாள் மாலை, யாவரும் போன பின், பெருஞ்சோதனையைச் செய்க என்று அமைத்துவிட்டேன். இதற்கு இயந்திரத்தை நிறுத்தவேண்டிய தேவையே இல்லை. யுனிக்ஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ‘ஈஈப்ரொம்’ என்னும் கட்டளையால் அந்தக் கறுப்புத் துண்டில் எழுதிவிடலாம். அமைப்பின் பெயரிலுள்ள வினாக்குறியை யுனிக்ஸ் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும் என்பதால் மேற்கோட் குறிகளுக்குள் அடக்கி எழுதவேண்டும் என்ற நுட்பத்தையெல்லாம் நான் நன்கு அறிந்திருந்தேன். அறிந்தவன் என்ற பெருமிதத்தோடு கதவைப் பூட்டிக்கொண்டு வீடு சென்றேன். இயந்திரத்தை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிப் பார்க்கவில்லை. புள்ளிகள் பதியும் காலம்; நிறுத்தினால் ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

மார்ச் மாதம் 13ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அன்றைய இருளைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். மாத்தளை நகரமும் இருளில் மூழ்கியது. தாத்தாவுக்குத் துணையாக இருந்த யூபிஎஸ் இருபது நிமிடங்கள் தாக்குப்பிடித்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. இரவு வெகுநேரத்தின் பின் மின்சாரம் திரும்பியதும், நான் முன்பே சொல்லியிருந்தபடி, காவலாளி அறையைத் திறந்து பொத்தானை அழுத்தினார். விசைப்பலகையில் ஒரு சிறு விளக்கு மினுங்குவதைக் கண்டு, எல்லாம் சரியென்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவர் செய்ததிற் பிழை எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் எதையும் அச்சிட முடியவில்லை. அறையைத் திறந்து பார்த்தேன். தாத்தா விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் திரை முழுவதும் ஒரே வாசகம் வரிவரியாக நிறைந்து மேலே ஓடிக்கொண்டிருந்தது: பதிலுக்குக் காத்திருந்தேன், காலம் கடந்துவிட்டது, பதிலுக்குக் காத்திருந்தேன், காலம் கடந்துவிட்டது. இரவெல்லாம் இதையே எழுதியிருக்கிறார்!

வன்தட்டு அழிந்துவிட்டது என்ற செய்தி பத்து நிமிடங்களிற் கல்லூரி முழுவதும் பரவிவிட்டது. சிலர் பழைய விடைத்தாள்களைக் கட்டவிழ்த்துப் புள்ளிகளை மறுபடியும் கையால் எழுதத் தொடங்கினர். அதிபர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நான் கைந்நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் இதுதான். பழைய சண் இயந்திரங்களில் ‘டயாக்-சுவிட்ச்?’ என்னும் ஆளி உடற்சோதனையை மாத்திரம் கட்டுப்படுத்துவதில்லை. அதனை ‘ஆம்’ என்று வைத்துவிட்டால், இயந்திரம் வழமையான ‘பூட்-டிவைஸ்’ என்பதை விட்டுவிட்டு, ‘டயாக்-டிவைஸ்’ என்ற வேறோர் இடத்திலிருந்து தொடங்க முனையும். எவரும் மாற்றாதவரை அந்த இடம் வலையமைப்பு. அஃதாவது, பக்கத்தில் இன்னொரு சேவையகம் இருப்பதாக எண்ணிக்கொண்டு, ‘நான் யார், என் முகவரி என்ன, எனக்குரிய நிரலைத் தருக’ என்று கம்பிவழியே கூவும். நோய் உண்டென்று ஐயுற்ற இயந்திரத்தின் சொந்த வன்தட்டை நம்பக்கூடாது என்று அமைத்தவர்கள் கருதியிருக்கலாம். பொறியியலாளர் நிறைந்த ஓர் ஆய்வுகூடத்தில் அது அறிவுடைய ஏற்பாடுதான். எங்கள் கல்லூரியிலோ தாத்தாவுக்கு விடை சொல்ல வேறொரு சேவையகம் இல்லை. ஆளில்லாத வீட்டின் கதவை இரவு முழுவதும் தட்டியவன் நிலை அவருடையது.

விசைப்பலகையில் ‘ஸ்டொப்’ என்ற விசையையும் ‘ஏ’ எழுத்தையும் சேர்த்து அழுத்தினேன். கூவல் நின்றது. ‘ஓகே’ என்று வந்தது. வன்தட்டிலிருந்து தொடங்கு என்ற பொருளில் இரண்டு சொற்களைத் தட்டினேன். சில நிமிடங்களில் யாவும் திரும்பிவிட்டன. ஒரு புள்ளியேனும் அழியவில்லை. மணி பத்தே முக்கால்.

ஆனால் அதற்குள் ஒருவர் வந்து போய்விட்டார். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய். மகனின் உதவிப்பண விண்ணப்பத்தோடு இணைப்பதற்குப் புள்ளி விபரத்தை வாங்க வந்தவர். கணனி வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் பஸ் நிலையம்வரை விரைந்து சென்று பார்த்தேன், பஸ் புறப்பட்டுவிட்டது. மறுநாள் அவர் மீண்டும் வந்தார். தோட்டத்தில் ஒருநாட் சம்பளத்தைப் ‘பேர்’ என்று சொல்வார்கள் என்பதை மலையகத்தார் அறிவர். இரண்டு நாள் கொழுந்து எடுக்கப் போகவில்லை. இரண்டு பேர் போயிற்று. பிழை என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“மெசினு கெட்டுப் போச்சுண்ணாங்களே சார்?”

“கெடவில்லையம்மா. நான் ஒரு வேலை சொல்லி வைத்தேன். அது வேறொன்றையும் சேர்த்துச் செய்துவிட்டது.”

“ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்திச்சா?”

“ஆம்.”

“அப்ப யாராச்சும் போய் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்,” என்றார்.

அவருடைய வார்த்தை என் மனத்திற் தைத்தது. அது எவ்வளவு பொருத்தமானது என்பதை அடுத்த வாரமே அறிந்தேன். அல்ட்ரா 10 உடற்சோதனை செய்யும்போது அதன் விபரங்களைத் திரையில் எழுதுவதில்லை. பின்புறத்துத் தொடர் துறை என்னும் சிறு வாயிலின் வழியே அனுப்புகிறது. திரை இருண்டே இருக்கும். விசைப்பலகையின் விளக்கு மட்டும் மினுங்கும். நண்பர் ஒருவரிடம் வாங்கிய கம்பியால் அவ்வாயிலை இன்னொரு கணனியோடு இணைத்து, மறுபடியும் பெருஞ்சோதனையைச் செய்வித்தேன். நினைவகத் துண்டு ஒன்றிற் பழுது உண்டு என்று தாத்தா வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஞாயிறு இரவும் சொல்லியிருக்கவேண்டும். கம்பி இல்லாத வாயில் வழியே, கேட்பாரற்ற அறையிலே!

ஆகவே சோதனை வேண்டுமென்ற என் எண்ணம் பிழையன்று. பழுதான துண்டையும் அதன் சோடியையும் கழற்றினேன். அதன்பின் அவர் காரணமின்றி நின்றதில்லை. ‘டயாக்-டிவைஸ்’ என்பதற்கும் வன்தட்டின் பெயரையே கொடுத்தேன். சோதனையும் நடக்கும், சொந்த வன்தட்டிலிருந்து தொடங்கவும் செய்யும். இரண்டு சொல்லில் முடிகின்ற வேலை. அன்று மாலை அதனைச் செய்து, ஒருமுறை நிறுத்தித் தொடங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயமே இராது. விழிப்பு அமைப்புகளின் குணம் இஃதுதான். மற்ற அமைப்புகளை மாற்றினால் உடனே பலன் தெரியும். பிழையானால் உடனே திருத்தலாம். இவற்றை மாற்றினால் அந்தக் கணத்தில் ஒன்றும் நிகழாது. வாரங்கள் கழித்து, நாம் உறங்கும் வேளையில், மின்சாரம் போய் வரும்போது நிகழும். விதைத்தவன் ஊரில் இல்லாதபோது முளைக்கின்ற விதை.

தாத்தாவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. மாதக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்த அந்தக் கறுப்புத் துண்டின் பற்றரி தீர்ந்துவிட்டது. அப்பற்றரிகள் பத்தாண்டளவே நீடிக்கும் என்று கணித்துச் செய்யப்பட்டவை. எங்களுடையது அதற்கு மேலும் உழைத்துவிட்டது. மீண்டும் திறந்தபோது இயந்திரம் தன் அமைப்புகளை மட்டுமன்றித் தன் அடையாளத்தையே மறந்திருந்தது. ஏனெனில், வலையமைப்பில் அதனை இன்னாரென்று காட்டும் தனி இலக்கமும் அந்தத் துண்டிலேயே இருந்தது. என் அடையாளம் செல்லாது என்று தானே திரையில் எழுதிக்கொண்டது. பற்றரி துண்டின் உள்ளேயே வைத்து மூடப்பட்டிருப்பதால் எளிதில் மாற்றவும் முடியாது. பழைய சண் இயந்திரங்களில் ஆசை வைத்தவர்கள் வாளால் அதன் தலையை அறுத்து, நாணயம் போன்ற புதுப் பற்றரியை ஈயம் வைத்து ஒட்டுவார்கள். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. மாத்தளை நகருக்கு வடக்கே சிறிது தூரத்தில் அளுவிகாரை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக இருந்த பௌத்த திரிபிடகம் கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்று போற்றப்படுவது. நினைவை மட்டும் நம்பியிருக்கலாகாது என்று அன்று அஞ்சியவர்களின் ஊரில் வாழ்ந்துகொண்டு, அமைப்புகளை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டி வைக்காமல் இருந்தேனே என்று அப்போது வெட்கப்பட்டேன்.

இப்போது அந்தச் சிற்றறையில் இருப்பது சாதாரணக் கணனி ஒன்று. அதிலே ஓடுவது யுனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ். பெயர்கள் மாறினவே தவிரச் சிக்கல் மாறவில்லை. பாடசாலையிலோ கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இத்தகைய கணனியை வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன்.

மின்சாரம் போய் வந்தபின் கணனி தானே எழவேண்டுமா, அணைந்தே கிடக்கவேண்டுமா, முன்பிருந்த நிலைக்குத் திரும்பவேண்டுமா என்பதற்கு அதன் ஆரம்ப அமைப்புப் பட்டியலில் ஓரிடம் உண்டு. பெரும்பாலான கணனிகளில் அணைந்தே கிடக்கும்படிதான் அமைந்திருக்கும். அதே பட்டியலில், சோதனையிற் பிழை கண்டால் நிற்பதா தொடர்வதா என்றும் சில கணனிகள் கேட்கும். விசைப்பலகை இணைக்காத சேவையகம் ஒன்று, ‘விசைப்பலகையைக் காணவில்லை, தொடர்வதற்கு எப்1 விசையை அழுத்துக’ என்று எழுதிவிட்டு நின்றதை நான் கண்ணாற் கண்டேன். இல்லாத விசையை அழுத்துவது எங்ஙனம்? விரைவுத் தொடக்கம் என்றொரு தெரிவும் இருக்கும். நினைவகத்தை முழுமையாகப் பார்க்காமல் விடுவது அதன் விரைவின் இரகசியம். அதனை அப்படியே வைத்துக்கொண்டு, விடுமுறைக் காலத்தில் ஓரிரவு ‘மெம்டெஸ்ட்86’ என்னும் நிரலை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். பானையில் நீர் நிறைத்து வைப்பதுதான். ஆனால் நாளாந்தம் அல்ல.

லினக்ஸிலும் பொறிகள் உள. உபுண்டு என்ற வகையின் முந்திய பதிப்புகளில், தொடக்கம் ஒருமுறை இடைநடுவே நின்றுபோனால், அடுத்த முறை தெரிவுப் பட்டியலைக் காட்டிவிட்டு மனிதன் வரும்வரை காலவரையறையின்றிக் காத்திருக்கும். பின்வந்த பதிப்புகளில் முப்பது விநாடி என்று குறைத்தார்கள். எவ்வளவு பேர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்களோ! மேலும், வெளியே செருகியுள்ள தட்டொன்றைத் தொடக்கப் பட்டியலில் எழுதி வைத்திருந்து, அத்தட்டைக் கழற்றிவிட்டால், முழுச் சேவையகமுமே எழாமல் அவசர நிலை என்று நின்று கடவுச்சொல் கேட்கும். அந்த வரியின் ஓரத்தில் ‘நோஃபெயில்’ என்றொரு சொல்லைச் சேர்த்துவிட்டால், தட்டு இல்லாவிட்டாலும் தொடர்ந்து எழும்.

2022இல் இவை யாவும் எங்களுக்குச் சோதனையாக வந்தன. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை நீடித்தது. வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ உறங்கி எழுந்த சேவையகம் அப்போது ஒவ்வொரு நாளும் பல தடவை உறங்கி எழுந்தது. எனினும் பெருஞ்சேதம் எதுவும் நேரவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மீண்டும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணம் என்று அமைச்சர் அறிவித்தது உலகப் பத்திரிகைகளுக்கெல்லாம் வேடிக்கைச் செய்தியாயிற்று. எனக்கு அன்று வேறு நினைவு. மாலையில் மின்சாரம் வந்ததும் வீட்டிலிருந்தே தொலைபேசி மூலம் பார்த்தேன். சேவையகம் எழுந்து, தன் உடலைப் பார்த்து, தன் வன்தட்டிலிருந்து தொடங்கி, அலுவலகத்துக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருந்தது.

ஒவ்வொரு தவணையின் முதற் சனிக்கிழமையும் உயர்தர வகுப்பு மாணவர் இருவரோடு அந்த அறைக்குப் போகிறேன். முறைப்படி நிறுத்துவதில்லை; யூபிஎஸ்ஸின் கம்பியையே சுவரிலிருந்து பிடுங்கிவிடுகிறோம். அது ஓய்ந்து அணைந்தபின் மீண்டும் செருகிவிட்டு, விசைப்பலகையைத் தொடாமல் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஒரு மாணவன் கடிகாரத்தைப் பார்த்து நிற்பான். மற்றவள் அலுவலகத்திற்குச் சென்று, பழைய புள்ளி விபரம் ஒன்றை அச்சிட்டுக்கொண்டு வருவாள். சென்ற முறை ஆறு நிமிடம் ஆயிற்று. அதற்கு முந்திய முறை நான்கு நிமிடமே ஆகியிருந்தது. அந்த இரண்டு நிமிடம் எங்கே போயிற்று என்று மாணவன் கேட்டான். அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறேன்.